போல

ஆறு வருடமாக
ஞாயிறு காலைப் பூசையில்
ஒரு வரியில் மட்டும் என் வாய் மூடிக்கொள்ளும்.
பரலோகத்தில் இருக்கிறவரை வாழ்த்துவேன்.
அன்றாட அப்பம் கேட்பேன்,
பாண் விலை ஏறிய மாதங்களில் சத்தமாகவே கேட்டேன்.
பிறகு வரும், நாங்கள் பொறுப்பது போல.
அந்தப் "போல"
பாரை முள்ளாகத் தொண்டையில் குறுக்கே நிற்கும்.
பக்கத்து வாங்கில் ரெபேக்கா டீச்சர்
எனக்கு இருமல் என்று நினைத்திருப்பார்.

துறைமுகத்தில் சரக்குக்குக் கடதாசி செய்கிறவள் நான்.
நாளைக்கு நாற்பது கையெழுத்து.
கடைசி எழுத்தின் வாலை மேலே சுழற்றி
அடியில் இரண்டு புள்ளி வைப்பேன்.
தம்பி எமிலியானுஸ்
அந்த இரண்டு புள்ளியையும் மறக்கவில்லை.
முகத்துவாரத்து வீட்டை விற்ற உறுதியில்
என்னைவிட அழகாக
என்னைப் போட்டிருந்தான்.
நீதிமன்றத்தில் அதை நீட்டி
"இது உங்களுடையதா" என்று கேட்டபோது
ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.
வீடு போனது போகட்டும்,
அந்த ஒரு கணத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

கோபத்தை நான் ஒழுங்காக வைத்திருந்தேன்.
பச்சைக் கோப்பில், திகதி வாரியாக,
துளையிட்டு, நாடா கட்டி.
கொட்டாஞ்சேனை மாடியறை ஒழுகிய இரவில்
கட்டிலுக்கு முன் கோப்பைத்தான் நகர்த்தினேன்.
பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி கேட்டார், "கோபம்?"
"இருக்கிறது சுவாமி. ஆனால் நியாயமானது."
மரச்சல்லடைக்கு அப்பால் நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு, அபராதமாக
கர்த்தர் கற்பித்த செபம், ஒரேயொரு தடவை.
அதை இன்னும் நான் செய்து முடிக்கவில்லை.

மாசியில் ஒரு செவ்வாய்
பெரியாஸ்பத்திரியிலிருந்து அழைப்பு.
தாதி, உடைந்த தமிழில்:
"நோனா, இவருக்கு ஆள் இல்ல. உங்க நம்பர்தான் சொன்னார்."
போகக்கூடாது என்று முடிவெடுத்தேன்.
அந்த முடிவோடு ஆட்டோவில் ஏறினேன்.
மருதானைச் சந்தி நெரிசலில்
"திருப்புங்கோ" என்றேன்,
சாரதிக்குக் கேட்கவில்லை.
வாயிற்காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.
"பொறுங்க, இன்னும் நேரமாகல்ல."
பொறுத்தேன்.

சீனி வருத்தம். வலது காலை
முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டுமாம்.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மன்னிப்பும் கேட்கவில்லை.
"சாப்பிட்டியாக்கா?" என்றான்,
கள்ளன்.

தாதி ஒரு படிவத்தைத் தந்தாள்.
உறவு முறை. உறவினர் ஒப்பம்.
பேனா நழுவிக் கட்டிலுக்கடியில் ஓடியது.
முழந்தாளில் நின்று தேடினேன்.
ஆண்டவரே, நான் செபிக்கக் குனியவில்லை,
அது உமக்கும் தெரியும்.
கறுத்து, துணி சுற்றி, அந்தக் கால்
என் முகத்துக்கு நேரே தொங்கியது.
பெரிய வியாழன்தோறும்
பன்னிரண்டு பேரின் கால் கழுவுவதைப்
பின் வாங்கிலிருந்து பார்த்திருக்கிறேன்.
துவாயை இடுப்பில் கட்டியவர்
இவ்வளவு கிட்ட வந்ததில்லை.
மருந்து மணக்கும் தரையிலிருந்து
பேனாவைப் பொறுக்கினேன்.

"அக்கா" என்று எழுதினேன்.
கீழே என் கையெழுத்து.
வால் சுழன்றது. இரண்டு புள்ளி.
அவன் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான்,
ஏதோ பிழை பிடிக்கிறவன் போல.
பிறகு போர்வையை
முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டான்.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன்.
புதனன்று திரும்பி வந்தது,
சாப்பாட்டு நேரம் பார்த்து.
கோப்பு அலுமாரியில் இருக்கிறது,
ஆனியில் வழக்குத் தவணை.
ஆனால் நாடாவை யாரோ அவிழ்த்திருந்தார்கள்.
நானாகத்தான் இருக்கவேண்டும்,
அந்த வீட்டில் வேறு ஆளில்லை.

ஞாயிறு.
அந்த வரி வந்தது.
வாய் திறந்தேன்,
"போல"வில் குரல் அறுந்தது.
ரெபேக்கா டீச்சர், சுருதி பிசகி, உரத்து,
எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனார்.
வெளியே துறைமுகத்தில் கப்பலொன்று ஊதிற்று.
எங்கள் பாவங்களை, என்ற இடத்தில்
நான் சேர்ந்துகொண்டேன்.